சண்டையே வராத வீடு

ஆண்டுதோறும் ஜூலை பிறந்துவிட்டால் என் உள்பெட்டிக்கு ஒரே கேள்வி பல வடிவங்களில் வந்துசேர்கிறது. "அக்கா, டெல்லியில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. விடுதி உடனே கிடைக்காது என்கிறார்கள். முனிர்க்காவில் வீடு எடுக்கலாமா? உடன் தங்குபவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?" முதற் கேள்விக்கு விடை எளிது: எடுக்கலாம். இரண்டாவதற்கு இதுவரை ஒரே வரியில் விடை சொல்லிவந்தேன்: "அட்ஜஸ்ட் செய்துகொள்ளத் தெரிந்தவராகப் பாருங்கள்." அந்த விடை தவறானது என்று இப்போது உணர்கிறேன். ஏன் என்று விளக்கவே இந்த நீண்ட பதிவு. இதில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 ஜூலையில் நாங்கள் மூன்று பெண்கள் முனிர்க்காவில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு எடுத்தோம். அறியாதவர்களுக்காக: முனிர்க்கா என்பது தெற்கு டெல்லி வளர்ந்தபோது அதன் நடுவே அகப்பட்டுக்கொண்ட பழைய கிராமம். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் ஐ.ஐ.டி.யும் அருகில் இருப்பதால் அங்கே மாணவர்களும் தேர்வுக்குப் படிப்பவர்களும் நிறைந்திருப்பர். சந்துகள் குறுகியவை; எதிரெதிர் மாடிகளில் நிற்பவர்கள் கைநீட்டினால் தொட்டுக்கொள்ளலாம் என்னும் அளவுக்குக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும்.

எங்கள் வீட்டுக்கு வாடகை மாதம் 24,000 ரூபாய். அறைகள் மூன்று. பெரிய அறைக்குப் பால்கனியும் தனிக் குளியலறையும் உண்டு. அது மலையாளித் தோழிக்குப் போயிற்று. நடு அறை எனக்கு. மூன்றாவது அறையின் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். நண்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் படிக்க முடியும். கடைசியாக வந்துசேர்ந்த ஒடிசாத் தோழிக்கு அந்த அறை. வாடகையை மூன்றால் வகுத்தோம். ஆளுக்கு 8,000 ரூபாய். இதைவிட நியாயமான பங்கீடு இருக்க முடியுமா என்று அன்று நினைத்தேன்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலைக்கு உயர்ந்தால் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. அத்தகுதி இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய். எங்கள் வீட்டில் எனக்கும் மலையாளித் தோழிக்கும் முதல் வகை. ஒடிசாத் தோழிக்கு இரண்டாம் வகை. அதாவது என் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாடகைக்குப் போயிற்று. அவருடைய உதவித்தொகையோ முழுவதுமாகப் போயிற்று. உண்பதற்கும் உடுப்பதற்கும் அவர் இரவில் மொழிபெயர்ப்பு வேலை செய்தார்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் சண்டையே வந்ததில்லை. பதினைந்து மாதங்களில் ஒருமுறைகூட யாருடைய குரலும் உயர்ந்ததில்லை. மற்ற வீடுகளில் பால் பாக்கெட்டுக்கும் ஈரத்துண்டுக்கும் நடக்கும் போர்களைக் கேட்டுச் சிரிப்போம். "உங்கள் வீடு போல் வருமா?" என்பார்கள் நண்பர்கள். எனக்கும் அதில் பெருமை இருந்தது.

2024 அக்டோபரில் ஒடிசாத் தோழி, வேறிடம் பார்த்துவிட்டதாகச் சொன்னார். காரணம் கேட்டேன். "நூலகத்துக்குப் பக்கம்" என்றார். நம்பிவிட்டேன். அவர் கொடுத்திருந்த முன்பணப் பங்கு 16,000 ரூபாய். ஒப்பந்தம் என் பெயரில் இருந்தது. வீட்டு உரிமையாளர் என்னிடம்தான் கணக்கு வைத்திருந்தார். "புதிதாக வருபவர் முன்பணம் கொடுத்ததும் உங்களுக்குத் தந்துவிடுகிறேன்" என்றேன். புதியவர் வர மூன்று மாதம் ஆயிற்று. டெல்லியில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால், நான் செய்தது தவறு என்றே தோன்றவில்லை.

அடுத்த பிப்ரவரியில் வளாகத் தேநீர்க்கடையில் அவரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில், உண்மையில் ஏன் போனீர்கள் என்று மீண்டும் கேட்டேன். சற்று நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னதை, நினைவில் உள்ளபடி தமிழில் தருகிறேன்.

"சண்டை போடவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். சண்டை போடும் நிலையில் நான் இல்லை. என் பணம் வராத மாதங்களில் வாடகைக்கு உன்னிடம்தான் கடன் வாங்கினேன். நீ ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. அது உன் நல்ல மனம். ஆனால் உனக்குக் கடன்பட்டிருக்கும்போது, ஏ.சி. மின்கட்டணத்தைப் பற்றி நான் எப்படி வாய்திறப்பேன்?"

அன்றிரவு உட்கார்ந்து அந்த ஏ.சி. கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் இருவர் அறையிலும் கோடைக்கு வாடகை ஏ.சி. வைத்திருந்தோம். அவர் அறையில் மின்விசிறி மட்டும். ஒன்றரை டன் ஏ.சி. கடுங்கோடையில் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் இழுக்கும். இரவில் எட்டு மணிநேரம் ஓடினால் 12 யூனிட், இரண்டு ஏ.சி.க்கு 24, மாதத்துக்கு 720 யூனிட். வீட்டு உரிமையாளர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார். ஆக 6,480 ரூபாய். அதையும் மூன்றால் வகுத்தோம். எங்கள் குளிர்ச்சிக்காக, மின்விசிறியின் கீழ் வியர்த்துக் கிடந்தவர் மாதம் 2,160 ரூபாய் கொடுத்திருக்கிறார். மே மாதம், பிறகு ஜூன் மாதம்.

கணக்கு அங்கே நிற்கவில்லை. பாத்திரம் கழுவுவதில் எனக்கும் மலையாளித் தோழிக்கும் மெல்லிய பூசல் எழும்போலிருந்த தருணத்தில், வேலைக்கு ஒரு தீதியை அமர்த்திக்கொண்டோம். மாதம் 2,400 ரூபாய், ஆளுக்கு 800. ஒடிசாத் தோழி தம் தட்டைத் தாமே கழுவிவைப்பவர். அவருக்குத் தீதி தேவையா என்று நாங்கள் கேட்கவில்லை, "வைத்துக்கொள்ளலாம்தானே?" என்று மட்டும் கேட்டோம். அவர் தலையசைத்தார். எங்கள் இருவருக்கிடையே வரவிருந்த சண்டையை அவருடைய உதவித்தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டு தீர்த்திருக்கிறோம்.

இன்னொன்றை எண்ணினால் இன்றும் கூசுகிறது. எனக்கு அப்போது இந்தி சரளமாக வராது. மலையாளித் தோழிக்கும் அப்படியே. ஒடிசாத் தோழி நன்றாகப் பேசுவார். எனவே வீட்டு உரிமையாளரிடம் பேசுவது, குழாய் பழுதுபார்ப்பவரை அழைப்பது, கேஸ் சிலிண்டர் பதிவது, மேல்மாடிக்காரர் தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடிவிட்டால் படியேறிப் போய்க் கேட்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. அதிகாலையில் தண்ணீர் வரும் அந்த ஒருமணி நேரத்தில் எழுந்து மோட்டார் போடுவதும் அவர்தான், ஏனென்றால், "அவர்தான் எப்படியும் சீக்கிரம் எழுந்துவிடுகிறாரே." இவற்றை நாங்கள் வேலை என்றே எண்ணவில்லை. "எனக்கு இந்தி வராது" என்பதை இயற்கை நியதி போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தித் திணிப்பை எதிர்க்கும் என் அரசியலில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் நான் கற்க மறுத்த மொழியின் சுமையை, இந்தியைத் தாய்மொழியாகக் கொள்ளாத இன்னொரு பெண் சம்பளமின்றிச் சுமந்தாள் என்பதும் உண்மை.

எங்கள் வீட்டில் சண்டை வராததன் காரணம் இப்போது விளங்குகிறது. குறை இருந்தவரிடம் அதைச் சொல்லும் வலு இல்லை. வலு இருந்த எங்களிடம் குறை இல்லை.

"அட்ஜஸ்ட்" என்ற சொல்லைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். ஆங்கிலத்திலிருந்து வந்த இச்சொல் நம் எல்லா மொழிகளிலும் புகுந்துவிட்டது. இரயில் இருக்கையில் மூவர் இடத்தில் நால்வர் உட்காரவும், மணமான பெண் புகுந்த வீட்டில் வாய்மூடி இருக்கவும் இதே சொல்தான். யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் ஒருவேளை அசைவார். பெரும்பாலும் நிற்பவர்தான் தம்மைச் சுருக்கிக்கொள்வார். சேர்ந்து வாழும் வீட்டில் விட்டுக்கொடுத்தல் எல்லாரிடமிருந்தும் சமமாக வருவதில்லை. பணம் குறைந்தவர், கடைசியாக வந்தவர், தூய்மையில் அக்கறை மிகுந்தவர், கூச்சம் மிகுந்தவர் ஆகியோரிடமிருந்தே அது மீண்டும் மீண்டும் எடுக்கப்படுகிறது.

இதில் என்னைத் தனிப்பட்ட முறையில் வெட்கப்படவைப்பது என் ஆய்வுப் பொருள். சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களின் நீர்ப்பங்கீடு பற்றி ஆய்வு செய்கிறேன். பொதுச்சொத்தை மனிதர்கள் எப்படிப் பகிர்கிறார்கள் என்பதே பகலெல்லாம் என் வேலை. 1968-இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர், பொதுவில் விடப்பட்ட எதையும் மனிதர்கள் அழித்தே தீர்வார்கள் என்று வாதிட்ட கட்டுரை புகழ்பெற்றது. அதற்கு மறுப்பாக அமைந்தது எலினோர் ஆஸ்ட்ராமின் ஆய்வு. 1990-இல் வெளிவந்த தம் நூலில், சுவிட்சர்லாந்தின் மலைமேய்ச்சல் நிலங்களும் ஸ்பெயினின் வாய்க்கால்களும் பல நூற்றாண்டுகளாகப் பொதுவில் நிலைத்திருப்பதைக் காட்டினார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

அவ்வாறு நிலைத்த இடங்களில் மக்கள் நல்லவர்களாக இருந்தார்கள் என்று ஆஸ்ட்ராம் சொல்லவில்லை. அங்கே விதிகள் இருந்தன என்றார். விதிக்கு உட்பட்டவர்களே விதியை மாற்றவும் முடிந்தது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தவறினால் முதலில் சிறு தண்டம், பிறகு பெரிது. பூசல் வந்தால் செலவில்லாமல், உடனே பேசித் தீர்க்க ஓர் இடம் இருந்தது. வலென்சியா நகரில் பேராலய வாசலில் வியாழன்தோறும் கூடும் உழவர்களின் நீர் நீதிமன்றம் இதற்குச் சான்று. வழக்குகள் அங்கே வாய்மொழியாகவே விசாரிக்கப்படுகின்றன. வாரந்தோறும் கூடுவதற்கு ஓர் இடமும் நேரமும் இருப்பதுதான் முக்கியம்.

நம் ஊர்க் கண்மாய்களிலும் முறை வைத்துப் பாய்ச்சும் வழக்கம் உண்டு. மடையைத் திறந்து மூடவும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்கவும் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். கரையையும் கலுங்கையும் ஊரார் கூடிச் செப்பனிடுவது குடிமராமத்து. இதைப் பேசும்போது நாம் எளிதில் உருகிவிடுகிறோம். ஆனால் அந்த ஒற்றுமைக்குள்ளும் யார் மண் சுமந்தார்கள், யார் கரையில் நின்று பார்த்தார்கள் என்ற கேள்வி உண்டு. 1858-இல் சென்னை மாகாண அரசு குடிமராமத்தைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே இயற்றியது. இப்பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மாஸ், 2003-இல் வெளிவந்த தம் நூலில், கூட்டு நீர் மேலாண்மை என்பது சாதியும் அதிகாரமும் பின்னிய ஒன்று என்று விரிவாகக் காட்டினார். அந்நூலை நான் அடிக்கோடிட்டுப் படித்தது அந்த முனிர்க்கா வீட்டின் நடு அறையில், ஏ.சி. குளிரில். சுவருக்கு அப்பால் இருந்தவரைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை.

அந்தத் தேநீர்க்கடைப் பேச்சுக்குப் பின், நிலுவையில் இருந்ததைக் கணக்கிட்டு ஒடிசாத் தோழிக்குக் கொடுக்க முயன்றேன். ஏ.சி. பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். மற்றவற்றை எப்படி ரூபாயாக மாற்றுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. இப்பதிவை வெளியிடும் முன் அவரிடம் படித்துக்காட்டி ஒப்புதல் பெற்றேன். "மோட்டார் விஷயத்தைக் கண்டிப்பாக எழுது" என்றார்.

2025 ஜூனில் நான் வேறு வீட்டுக்கு மாறினேன். இங்கும் மூவர்: மணிப்பூர்த் தோழி, பீகார்த் தோழி, நான். ஓராண்டாகிறது. சண்டைகள் உண்டு, பத்துக்குக் குறையாது. ஆனால் யாரும் வெளியேற நினைக்கவில்லை. என்ன வேறுபாடு என்று கேட்பவர்களுக்காக, நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் வாடகை. பிரான்சிஸ் சு என்ற கணிதவியலாளர் 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார். வாடகை ஒத்திசைவு என்பது அதன் தலைப்பின் பொருள். ஸ்பெர்னர் என்பவரின் பழைய தேற்றமொன்றைக் கொண்டு, வெவ்வேறு விதமான அறைகள் உள்ள வீட்டில், எளிய சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மொத்த வாடகையை அறைகளுக்கு இடையே எவ்வாறோ ஒரு வகையில் பிரித்தால், ஒவ்வொருவரும் வெவ்வேறு அறையையே விரும்பும் நிலையை எட்டமுடியும் என்று நிறுவினார். எளிமையாகச் சொன்னால்: யாரும் யார் அறையையும் பார்த்துப் பொறாமைப்படாத ஒரு விலைப்பட்டியல் உண்டு. நாங்கள் கணிதம் போடவில்லை. மாத வாடகை 27,000 ரூபாய். ஆளுக்கு 9,000 என்று தொடங்கி, "இந்த விலைக்கு யாராவது அறை மாறிக்கொள்ள விரும்புகிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டே போனோம். பெரிய அறைக்கு எல்லாரும் கைதூக்கினால் அதன் விலை ஏறும். சிறிய அறை இறங்கும். கடைசியில் 11,000, 9,000, 7,000 என்று நின்றது. அதன்பின் யாரும் மாற விரும்பவில்லை. அரைமணி நேரம் ஆயிற்று.

ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. அது பொறாமையைத் தீர்க்கும், வறுமையைத் தீர்க்காது. 8,000 ரூபாய் பெறுபவர் சிறிய அறையை "விரும்புவது" எந்த அளவுக்கு விருப்பம்? ஆகவே இரண்டாவதாக ஒரு பொதுநிதி வைத்தோம். ஒவ்வொருவரும் மாத வருவாயில் நூற்றுக்கு மூன்று ரூபாய் போடவேண்டும். என் 42,000-க்கு 1,260. மணிப்பூர்த் தோழியின் 37,000-க்கு 1,110. பீகார்த் தோழியின் 8,000-க்கு 240. மாதம் 2,610 ரூபாய் சேர்கிறது. யாருடைய உதவித்தொகை தாமதமானாலும், யாரிடமும் கேளாமல், நோட்டில் எழுதிவிட்டு ஒரு மாத வாடகை வரை எடுத்துக்கொள்ளலாம். பணம் வந்ததும் திருப்பிப் போடவேண்டும். தாமதம் யாருக்கும் நேரும். முதலில் எடுத்தவளே நான்தான். ஒரு படிவத்தில் கையொப்பம் விடுபட்டுப் போனதால் இரண்டு மாதம் என் பணம் நின்றுவிட்டது. இந்த நிதியின் பயன் பணம் மட்டுமன்று. இங்கே கடன் வீட்டுக்குப் பட்டது, மனிதருக்குப் பட்டதன்று. கடன் வாங்கிய அதே வாரத்தில் பீகார்த் தோழி என்னிடம், நான் குளியலறையில் முடியை அள்ளாமல் விட்டதற்காகச் சண்டை போட்டார். அன்று எனக்கு உண்டான நிம்மதியை யாரிடமும் விளக்க முடியாது.

மூன்றாவதாக, பயன்படுத்துபவர் செலுத்தவேண்டும். ஏ.சி. வைத்திருக்கும் அறைக்கு நானூறு, ஐந்நூறு ரூபாயில் ஒரு சிறு மீட்டர் வாங்கிப் பொருத்திவிட்டோம். பொது விளக்கு, குளிர்பதனப் பெட்டி, இணையம் மட்டும் மூன்று பங்கு.

நான்காவதாக, கண்ணுக்குத் தெரியாத வேலைகளை எழுதிவைத்தோம். மோட்டார், சிலிண்டர், குப்பை, வீட்டு உரிமையாளருடன் பேச்சு, தீதி வராத நாளில் அவருக்குத் தொலைபேசி, கரப்பான் மருந்து. பட்டியலிட்டபோது இருபத்தொன்று வந்தது. வாரம் மாற்றி முறை. வீட்டு உரிமையாளருடன் பேசும் முறை எனக்கும் வருகிறது. என் இந்தி கேட்டு அவர் சிரிக்கிறார். நானும் சிரித்துக்கொண்டே குழாயைச் சரிசெய்துவிடுகிறேன். முறை தவறினால் எல்லாருக்கும் தேநீர் போடவேண்டும். இரண்டாம் முறை தவறினால் அடுத்த வாரமும் அவரே. தீதியின் சம்பளத்தையும் விடுமுறையையும் நாங்களே கூடித் தீர்மானித்துவிடாமல், அவரையும் உட்காரவைத்துப் பேசி எழுதினோம். அவருக்கு மாதம் நான்கு நாள் விடுப்பு. அந்நாட்களுக்குப் பணம் பிடிப்பதில்லை.

ஐந்தாவதாக, இரண்டு வாரத்துக்கொருமுறை ஞாயிறு மாலை அரைமணி நேரக் கூட்டம். குறைகளை வாட்ஸப்பில் எழுதக்கூடாது. இரவு பன்னிரண்டு மணிக்கு எழுதிய ஒரு வரி காலைவரை வளர்ந்து மலையாகிவிடும். கூட்டத்தில் முதலில் பேசவேண்டியவர் யார் என்றால், வீட்டில் வருவாய் குறைந்தவர் அல்லது புதிதாக வந்தவர். குறையே இல்லை என்று ஒருவர் மூன்று கூட்டம் தொடர்ந்து சொன்னால், மற்றவர்கள் கவலைப்படவேண்டும்.

உணவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். டெல்லியில் வடகிழக்கு மாநிலத்தவரின் சமையல் மணம் ஒரு காவல்துறை விவகாரமாகவே இருந்திருக்கிறது. டெல்லி காவல்துறை 2007-இல் வெளியிட்ட கையேடு ஒன்று, மூங்கில் குருத்து, அகுனி போன்றவற்றை அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையின்றிச் சமைக்குமாறு அவர்களுக்கு அறிவுரை கூறியது. 2019-இல் வந்த "அக்சோன்" திரைப்படத்தின் கதையே, டெல்லியில் ஒரு திருமணத்துக்காக அந்த அகுனியைச் சமைக்க இடம் தேடுவதுதான். எங்கள் வீட்டில் மணிப்பூர்த் தோழி ஙாரி மீனை வைத்துக் குழம்பு காய்ச்சுவார். நான் ஊரிலிருந்து கருவாடு கொண்டுவருவேன். பீகார்த் தோழி செவ்வாய்க்கிழமை மீனும் இறைச்சியும் தொடமாட்டார். முதல் கூட்டத்தில் மணிப்பூர்த் தோழி மெல்லச் சொன்னார்: "எனக்கு உன் பெருங்காயம்தான் தாங்கமுடியவில்லை." மணம் என்பது எனக்கு மட்டும் இயல்பானது, மற்றவருக்கு நாற்றம் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. இப்போது விதி ஒன்றுதான்: கடும் மணமுள்ள எதைச் சமைத்தாலும் முன்னதாகச் சொல்லவேண்டும், கதவை மூடி விசிறியைப் போடவேண்டும். பெருங்காயத்துக்கும் அதுவே விதி. செவ்வாயன்று ஒரு அடுப்பும் இரண்டு பாத்திரமும் பீகார்த் தோழிக்குத் தனி. மற்றவர்கள் உணவில் அவர் தலையிடமாட்டார்.

இவற்றைச் சொன்னால் நண்பர்கள் இரண்டு மறுப்புகளை எழுப்புகிறார்கள். ஒன்று: "வீடா இது, அலுவலகமா? கணக்கு நோட்டு வைத்தால் நட்பு எங்கே இருக்கும்?" நோட்டு வைக்காத வீட்டில்தான் நான் ஒரு தோழியை ஏறத்தாழ இழந்தேன். "நமக்குள் என்ன கணக்கு?" என்று சொல்லும் வாய்ப்பு எப்போதும் கணக்கில் இழக்காதவருக்கே வாய்க்கிறது. எழுதிவைத்தபின் அன்பு குறையவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வைத்தவர் யாரும் நோட்டைப் பார்த்து வைக்கவில்லை. செய்தே ஆகவேண்டியவை எவை என்று தெரிந்தபின், அன்பினால் செய்பவை எவை என்பதும் தெரிகிறது. முதல் வீட்டில் இரண்டும் கலந்து கிடந்தன. அதனால் அங்கே நன்றி சொல்லவும் நாங்கள் மறந்துவிட்டோம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: "வருவாய்க்கு ஏற்பப் பங்கு என்றால், குறைவாகப் போடுபவருக்கு அது தருமம் வாங்குவதுபோல் இராதா?" இருக்கலாம். பீகார்த் தோழியும் தொடக்கத்தில் தயங்கினார். அதனால்தான் வாடகையை அறைக்கேற்பவும், நிதியை மட்டும் வருவாய்க்கேற்பவும் வைத்தோம். அவர் போடும் 240 ரூபாயும் நான் போடும் 1,260 ரூபாயும் நோட்டில் ஒரே வரியில்தான் எழுதப்படுகின்றன. கூட்டத்தில் மூவருக்கும் ஒரே வாக்கு. ஒரே துறையில், ஒரே நூலகத்தில், ஒரே அளவு உழைக்கும் இருவரில் ஒருவருக்கு 37,000, மற்றவருக்கு 8,000 என்று வைத்திருப்பது எங்கள் வீடு செய்த ஏற்பாடன்று. அதை மாற்றப் போராடவேண்டிய இடம் வேறு. ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு வீட்டுக்குள் வரும்போது, அதைக் காணாததுபோல் மூன்றால் வகுப்பது நடுநிலையாகாது.

புதிதாக வருபவர்களுக்குச் சட்டம் பற்றியும் சில சொற்கள். இங்கே ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கே எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாகவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுவதே காரணம். எத்தனை மாதமானாலும், தங்குபவர்கள் எல்லாருடைய பெயரும் அதில் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் மற்றவர்களுக்குச் சின்ன வீட்டு உரிமையாளர் ஆகிவிடுகிறார். நான் அப்படித்தான் ஆனேன். முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படக்கூடாது என்று 2021-இன் மாதிரி வாடகைச் சட்டம் சொல்கிறது. ஆனால் அது மாதிரிதான், மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினாலே செல்லும். ஆகவே யார் எவ்வளவு முன்பணம் போட்டார்கள், ஒருவர் இடையில் போனால் எத்தனை நாளில் திருப்பித் தரவேண்டும் என்பதை உங்களுக்குள் எழுதிக் கையொப்பமிடுங்கள். எங்கள் வீட்டில் பதினைந்து நாள். புதியவர் வந்தாலும் வராவிட்டாலும்.

"உடன் தங்குபவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு இனி என் விடை இது. அட்ஜஸ்ட் செய்துகொள்பவரைத் தேடாதீர்கள். உங்களிடம் குறை சொல்லத் தயங்காதவரைத் தேடுங்கள். அப்படி ஒருவர் கிடைத்தபின், அவர் குறை சொல்வதால் எதையும் இழக்காதபடி வீட்டை அமைத்துக்கொள்ளுங்கள். வீடு பார்த்த அன்றே, சாவி வாங்கும் முன், ஒரு நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். எந்த அறை யாருக்கு, என்ன விலைக்கு, காலையில் மோட்டார் யார் போடுவது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இன்று ஞாயிறு. ஆறு மணிக்குக் கூட்டம். இந்த வாரம் குப்பை முறையை நான் இரண்டு நாள் தவறவிட்டேன். மூவருக்கும் தேநீர் நான்தான் போடவேண்டும்.